ஆறு வருஷப் பத்திரம்

நெல்லிமரத்தூர், சவ்வாது மலை
12-6-1983

அன்புள்ள சகுந்தலா அக்காவுக்கு,

உன் தங்கை வெள்ளையம்மாள் எழுதுவது. நீ உனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது. இதுவரை நான் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. இப்போது எழுதுவதும் யாருக்கும் தெரியாது. எல்லாரும் தூங்கின பிறகு சிம்னி விளக்கைத் தணித்து, முறத்தைச் சாய்த்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா புரண்டு படுத்தால்கூட எனக்கு உயிர் போய்விடுகிறது. உன் பெயரை இந்த வீட்டில் யார் எடுத்தாலும் நாக்கை அறுப்பேன் என்று அப்பா சொன்னது உனக்குத் தெரியும். இன்னும் அப்படியேதான் இருக்கிறார். சந்தைக்குப் போய்வரும் சின்னராசு மாமாவிடம் கெஞ்சி உன் விலாசத்தை வாங்கினேன்.

அக்கா, நான் ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டேன்.

பங்குனியில் புளி விற்றதும் குப்பம்மா அத்தை அந்தப் பணத்தை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். போன வருஷம் தினைப் பானைக்கு அடியில் வைத்திருந்தாள். ஒருத்தர் கைமாத்து, இன்னொருத்தர் காய்ச்சல் என்று கேட்டுக் கேட்டு வாங்கி, விதைக்கிற நேரத்தில் பானையில் தினை மட்டும்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் ஆலங்காயம் புளி வியாபாரி ராஜாக்கண்ணுவிடம் இரண்டு புளிய மரத்தின் மேல் முன்பணம் வாங்கினாள். அந்த இரண்டு மரத்துக் காயும் அவனுக்கே போயிற்று, மிச்ச மரத்துப் புளிதான் இப்போது விற்றது. அதனால் இந்தத் தடவை, "நீ படிக்கிற பொண்ணு வெள்ளை. போஸ்டாபீஸுல போட்டு வை. சாமை வெதைக்கும் ஏர்க் கூலிக்கும் வேணும்" என்றாள். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்காவும் கொஞ்சம் கொடுத்தாள். அவள் பெண்ணின் கல்யாணத்துக்காம். பெண்ணுக்கு இப்போதுதான் எட்டு வயசு.

இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தபாலாபீசுக்குக் கூட்டிப்போனேன். அங்கே சுவரில் ஒரு பலகை. சாதாரணப் புத்தகம், மாசாமாசம் கட்டுவது, ஒரு வருஷ வைப்பு, ஐந்து வருஷ வைப்பு, கடைசியில் தேசிய சேமிப்புப் பத்திரம். புத்தகத்தில் வட்டி கொஞ்சம். பத்திரத்தில் நூறு ரூபாய் ஆறு வருஷத்தில் இருநூறு. எல்லாமே சர்க்கார் பணம், எதிலும் மோசம் போகாது என்று குமாஸ்தா சொன்னார். அப்படியானால் எதற்காகக் குறைச்சலான வட்டிக்குப் போடவேண்டும்? கணக்கில் நான்தான் வகுப்பில் முதல். இரண்டு பேர் பணத்துக்கும் பத்திரமே வாங்கினேன். "ஆறு வருசம் ஆவும், பரவால்லியா?" என்று அவர் கேட்டபோது நான்தான் தலையாட்டினேன். அத்தை கட்டைவிரல் மையைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மடங்கு என்றதும், "அட, காசு குட்டி போடுமா!" என்று சிரித்தாள்.

பள்ளிக்கூடத்துக் கணக்கில் எதில் வட்டி அதிகம் என்றுதான் கேட்பார்கள். பணம் எப்போது வேண்டும் என்று எந்தக் கணக்கிலும் கேட்டதில்லை அக்கா.

இப்போது மேகம் இறங்கிவிட்டது. அத்தை நிலத்தில் கல் பொறுக்குகிறாள். நேற்று, "ஆடிக்கு முன்னாடி காச எடுத்துடலாமில்ல?" என்று கேட்டாள். எடுத்துடலாம் அத்தை என்று என் வாய் சொல்லிவிட்டது.

அந்தப் பத்திரத்தை உடைக்க வழி உண்டா? உன் ஊர் பெரிய ஊர், உனக்குத் தெரிந்திருக்கும். பதிலை வீட்டுக்குப் போடாதே. பள்ளிக்கூடத்து விலாசத்துக்குப் போடு.

வெள்ளையம்மாள்

கண்ணமங்கலம்
17-6-1983

வெள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு வருஷம் கழித்து உனக்கு ஒரு அக்கா இருப்பது ஞாபகம் வந்தது, அதுவும் ஒரு பத்திரத்தால். எனக்குப் பையன் பிறந்து ஒன்றரை வருஷமாகிறது. அது உனக்குத் தெரியுமா? சின்னராசு மாமா சொல்லாமலா இருந்திருப்பார்? பிரசவத்துக்கு முன்னால் மூன்று ராத்திரி, மலையிலிருந்து யாராவது வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வந்தது பக்கத்துத் தெரு மருத்துவச்சி.

கோபத்தில் பாதியில் கிழித்துப் போட்டுவிட்டு இதை மறுபடி எழுதுகிறேன். உன் எழுத்து நடுங்கியிருப்பதைப் பார்த்ததும் கோபம் நிற்கவில்லை.

என் வீட்டுக்காரரிடம், உன் மாமாவிடம், படித்துக் காட்டினேன். சைக்கிள் டியூபை ஒட்டிக்கொண்டே, "உன் தங்கச்சி பெரிய ஆளுதான். வெத கேட்டா பத்திரத்த வெதைக்கச் சொல்லுவா போலகீது" என்றார். சிரித்தேன். பிறகு சிரித்ததற்காக அழுதேன்.

எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. சாந்தம்மாள் என்று ஒரு அம்மா, தபாலாபீஸ் ஏஜெண்டு, மாசம் பிறந்தால் பையை மாட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவார். அவரிடம் ஐந்து வருஷக் கட்டு ஒன்று கட்டுகிறேன், தையல் மெஷினுக்காக. "மெஷினுக்கு அவசரம் இல்ல, அது பூட்டிக் கெடக்கட்டும். புள்ளைக்கு ராத்திரியில காய்ச்சல் வந்தா எடுக்க ஒரு புக்கு தனியா வெச்சிக்கோ" என்பார். அதனால் ஒரு புத்தகமும் இருக்கிறது. அவரைக் கேட்டு எழுதுகிறேன்.

நீ எழுதாமல் விட்டது ஒன்று. உன் பெயரில் வேறு பணம் ஏதாவது இருக்கிறதா? யாரிடமும் இதைச் சொல்லாதே. அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். அவர் என்னை அடித்தது எனக்கு இன்னும் வலிக்கிறது. நீ எலும்பும் தோலுமாக இருப்பாய், தாங்க மாட்டாய்.

அக்கா

நெல்லிமரத்தூர்
22-6-1983

அன்புள்ள அக்காவுக்கு,

பையன் பிறந்தது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அன்றைக்கு அம்மா சமைக்கவில்லை, தலைவலி என்று படுத்துக்கொண்டாள். எழுதத் தைரியம் வரவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

நேற்று ராஜாக்கண்ணு வந்துவிட்டான். புளி பூத்திருக்கிறதல்லவா, பூ பார்க்க வந்தான். பூவைப் பார்த்து இந்த மரத்துக்கு இவ்வளவு என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் போவான். ஆடி ஒன்றாம் தேதி வந்து, முன்பணம் வாங்கினவர்களின் மரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பான். அதற்குள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மரம் நம்முடையது. சுண்ணாம்பு பட்டுவிட்டால் மாசியில் காய் உலுக்கி முடிகிறவரை அவனுடையது. இதெல்லாம் நீ இருக்கும்போதே உண்டு. நீ போன பிறகு மாறினது ஒன்றுதான். அப்பா இப்போது அவனுக்குத் தராசு பிடிக்கிறார். அவன் முன்னால் நடக்க, அப்பா தராசுக்கோலைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வருகிறார்.

இரண்டு பேரும் அத்தை மரத்தடியில் நின்றார்கள். நான் விறகுக் கட்டோடு வந்துகொண்டிருந்தேன்.

"இன்னா குப்பம்மா, இந்த வருசம் நம்ம பக்கமே காணோம்? பூ நல்லா புடிச்சிகீது."

"இந்த வருசம் வாணாங்க. காசு போஸ்டாபீஸுல கீதுங்க."

"போஸ்டாபீஸுலயா! அப்ப போஸ்ட்மேன கூப்ட்டு ஏர் ஓட்டச் சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தார்.

ராத்திரி சோறு தின்னும்போது, "அவளுக்கு யாரு போட்டுக் குடுத்தது?" என்றார். வாத்தியாராக இருக்கும் என்றேன். பொய். அப்பா கை கழுவப் போனார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அத்தை மரம் போகவில்லையென்றால் அவருக்குக் கிடைக்கிற தராசுக் கூலி குறையும்.

தபாலாபீசில் கேட்டேன். மூன்று வருஷம் முடியாமல் பத்திரத்தில் கைவைக்க முடியாதாம். திரும்பி வரும்போது தூரத்தில் அத்தையைப் பார்த்துவிட்டு ஓடைக்குள் இறங்கி ஒளிந்துகொண்டேன். இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுவழியில்தான் போகிறேன்.

என்னிடம் பணம் இருக்கிறதா என்று கேட்டாய். என் உதவித்தொகை இருக்கிறது. ஏழாவது படிக்கும்போது தலைமையாசிரியர் சாதாரணப் புத்தகத்தில் போட வைத்தார். பத்து வயசுக்கு மேல் ஆகிவிட்டால் நாமே கையெழுத்துப் போட்டு எடுக்கலாமாம். முந்நூற்றுச் சொச்சம் இருக்கிறது. பத்தாவது முடித்தால் மலையில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. கீழே வந்து பதினொன்றாவது சேரவும் ஹாஸ்டலுக்கும் அதைத்தான் வைத்திருக்கிறேன். அதை நினைக்காதே அக்கா.

அம்மா இருமுகிறாள். நிறுத்துகிறேன்.

வெள்ளை

கண்ணமங்கலம்
28-6-1983

வெள்ளைக்கு,

சாந்தம்மாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, ஒரு சொந்தக்காரப் பெண் என்றேன். "ஏம்மா, வெதைக் காசக் கொண்டுபோயி எவளாவது ஆறு வருசத்துக்குப் பூட்டுவாளா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

அம்மாக்கண்ணுவின் பணம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. எட்டு வயசுப் பெண்ணின் கல்யாணத்துக்கு அதைவிட நல்லது இல்லையாம். அதை நினைத்து அழாதே. அத்தையின் பத்திரத்தைப் பேங்கில் அடகு வைக்கலாம். ஆனால் அத்தை நேரில் வரவேண்டும், தபாலாபீசில் எழுதிக் கொடுத்து, அது மேலே போய்த் திரும்பி வரவேண்டும். வாரக்கணக்கில் ஆகும். மழை நிற்குமா?

அதனால் நான் சொல்வதைக் கேள். உன் புத்தகத்துப் பணம் உனக்கு அடுத்த ஆனியில்தான் வேண்டும். அத்தைக்கு இந்த ஆனியில் வேண்டும். உன் பணத்தை எடுத்து அத்தைக்குக் கொடு. அத்தையின் பத்திரம் உன்னுடையதாக இருக்கட்டும். அடுத்த வருஷம் உன் ஹாஸ்டலுக்கு என் ஐந்து வருஷக் கட்டு முடிந்து வரும். மெஷின் பொறுக்கும். இந்த ஊருக்கு வந்த முதல் மாசத்திலிருந்து கட்டுகிறேன். பத்திரம் முடிகிறபோது எனக்கு ஒன்றுக்கு இரண்டு மெஷினாக வாங்கிக் கொடு.

இதை எழுத எனக்குச் சுலபமாக இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். மெஷின் வைக்க ஜன்னலோரத்தில் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன்.

ஆனால் முதலில் அத்தையிடம் சொல். யாரிடமும் சொல்லாதே என்று நான் எழுதினது தப்பு. சொல்லாமல் பணத்தை மட்டும் கொடுத்தால் அது இன்னொரு பொய்.

நான் வந்து பக்கத்தில் நிற்கட்டுமா? நேற்று பையனைத் தூக்கிக்கொண்டு போளூர் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போனேன். பஸ் வந்தது, நின்றது, போயிற்று. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்கா

நெல்லிமரத்தூர்
7-7-1983

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மடித்து மடித்துக் கந்தலாக்கிவிட்டேன். இன்னும் அத்தையிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பணம் எடுக்கப் போனேன். அவ்வளவு ரொக்கம் இல்லை, கீழேயிருந்து பணப் பை வியாழக்கிழமைதான் வரும் என்றார்கள். இன்றைக்குப் போய் வாங்கிவிட்டேன். பணம் இப்போது என் பாவாடை மடிப்பில் இருக்கிறது. பூகோளப் புத்தகத்தில் வைத்தேன், பயமாக இருந்தது. பானையில் வைத்தேன், அதைவிடப் பயமாக இருந்தது. பணம் வீட்டில் இருந்தால் தூக்கம் வராது என்று இப்போதுதான் தெரிகிறது. இத்தனை நாள் அத்தை எப்படித் தூங்கினாள்?

ஆனால் எனக்கு வேறு ஒரு பயம் வந்துவிட்டது. அத்தை இப்போதெல்லாம் பணத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. முந்தாநாள் ஓடையில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டேன். ஓட இடமில்லை. "எளச்சிப் போய்ட்டியேடி, துன்றியா இல்லியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேற்று முதல் அவள் நிலத்தில் ஏர் ஓடுகிறது. கூலி ஏர்தான். அவளுக்கு ஏது மாடு? அப்பா ராத்திரி நல்ல முகத்தோடு வந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது.

நான் என்ன செய்ய?

வெள்ளை

கண்ணமங்கலம்
9-7-1983

வெள்ளை,

கணக்கில் முதலாம்! மண்டு. காசு இல்லாமல் கூலி ஏர் எப்படி ஓடும்? அத்தை ராஜாக்கண்ணுவிடம் முன்பணம் வாங்கிவிட்டாள். ஆடி பிறக்க இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் படித்த இடத்திலிருந்தே அத்தை நிலத்துக்கு ஓடு. வீட்டுக்குக்கூடப் போகாதே. போனால் மறுபடி பயந்துவிடுவாய்.

அக்கா

நெல்லிமரத்தூர்
14-7-1983

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. நீ சொன்னபடி பள்ளிக்கூடத்திலிருந்து நேராக நிலத்துக்கு ஓடினேன். அத்தை வரப்பில் உட்கார்ந்து சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பலகையை, பத்திரத்தை, ஆறு வருஷத்தை, நான் தலையாட்டினதை.

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப காசு கீதா? தொலையலியா?"

"கீது அத்த. ஆனா எடுக்க முடியாது."

"அடிப் பாவிப் பொண்ணே" என்று முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் பேசினாள். "என்னக் கண்டா ஓடற. ஓடையில எறங்கி ஒளிஞ்சிக்கற. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? எங்க அண்ணன், உங்கப்பன்தான், உங்கிட்டயிருந்து புடுங்கிக்கினான்னு நெனச்சேன். வாயத் தெறந்து கேட்டா, வெளிய சொல்லிட்டியான்னு உன்ன அடிச்சே கொன்னுடுவான். ரெண்டு மரம் போனா போவுதுன்னு அவன்கிட்ட கைய நீட்டிட்டேன்."

என்னைக் காப்பாற்றத்தான் அக்கா. நான் ஒளிந்த ஒவ்வொரு தடவையும் அவள் அதைத்தான் நினைத்திருக்கிறாள்.

பாவாடை மடிப்பிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தேன். உன் யோசனையையும் சொன்னேன். வேண்டாம் என்று தள்ளினாள். நான் காலைப் பிடித்தேன். கடைசியில், "மரத்த மீட்கணும்னா அவன் ஆளு வழியாதான் குடுக்கணும். வா, உங்கப்பன்கிட்டயே போவலாம்" என்றாள். நான் வரப்பிலேயே நின்றேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அப்பா வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அத்தை பணத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"இது ஏது?"

"உம் பொண்ணு படிப்புக் காசு. இதக் குடுத்து அந்த ரெண்டு மரத்தயும் மீட்டுக் குடு அண்ணா."

"நான் அவருகிட்ட கூலிக்குத் தராசு புடிக்கறவன். நான் போயி எப்படிக் கேக்கறது? வேலைக்கு வேட்டு வெச்சிடுவாரு."

அத்தை அவர் எதிரில் உட்கார்ந்தாள். பிறகு சத்தமே இல்லாமல் சொன்னாள். "நீ எடுத்துக்கினேன்னு நெனச்சேன் அண்ணா. என் காச நீதான் எடுத்துக்கினேன்னு நெனச்சி, ஒருத்தர்கிட்டயும் சொல்லாம மரத்த அடகு வெச்சேன்."

அப்பாவின் கை நின்றுவிட்டது. அவர் என்னை அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது திண்ணையில் பணமும் இல்லை, அவரும் இல்லை. மழையில் துண்டைக்கூடப் போடாமல் போயிருந்தார்.

இருட்டின பிறகுதான் வந்தார். அத்தை போகாமல் எங்களோடு உட்கார்ந்திருந்தாள். "வாங்கிக்கினாரு" என்றார் அவளிடம். "தராச வெச்சிட்டுப் போன்னாரு. வெச்சிட்டேன்." அம்மா எழுந்து அவருக்குக் களி போட்டாள். அவர் தொடவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்த ரோசன உனக்கா வந்துச்சா? யாரு சொன்னது?"

வாத்தியார் என்று சொல்ல வாய் வந்தது. அத்தை என் முழங்காலில் கையை வைத்திருந்தாள். நான் உன் பெயரைச் சொல்லிவிட்டேன் அக்கா. நாலு வருஷத்தில் இந்த வீட்டுக்குள் உன் பெயரை முதல் தடவையாகச் சொன்னது நான்தான். அப்பா பாயை உதறிப் போட்டுப் படுத்துக்கொண்டார்.

செவ்வாயும் புதனும் பேசவில்லை. இன்று காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, "அவ எந்த ஊர்ல கீறா?" என்றார். கண்ணமங்கலம் என்றேன். "புருசன் இன்னா பண்றான்?" சைக்கிள் கடை என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ? முகத்தைப் பார்த்து எதற்குக் கேட்கிறார் என்று தெரிந்துகொள்ள முடியவில்லை. அன்றைக்கு உன்னைத் தேடிக்கொண்டு போனபோதும் அவர் முகம் இப்படித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கோ புறப்படுகிறார். சின்னராசு மாமாவிடம் போளூரில் எந்த பஸ் மாறவேண்டும் என்று கேட்டாராம். இந்தக் கடிதம் அவருக்கு முன்னால் வந்து சேரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அவர் வருகிறபோது நீ தனியாக இருக்காதே. உன் வீட்டு மாமாவை வீட்டிலேயே இருக்கச் சொல். பையனை உள்ளே வைத்துக்கொள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எனக்கு இதற்கு அர்த்தம் தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலாவில் ஏறி, தட்டித் தட்டிப் பார்த்து, இருக்கிறதிலேயே பெரிய பழமாக ஒன்று இறக்கினார். விற்கிறதாக இருந்தால் ஐந்தாறு இறக்குவார். இது ஒன்றுதான். சாக்கில் போட்டுக் கட்டி, தூக்கிப் பார்த்துவிட்டு, கயிறு கையை அறுக்கும் என்று மேலே துணி சுற்றி வைத்திருக்கிறார். "ஒண்ணர வயசுப் புள்ள பலாச்சொள துன்னுமா, தொண்டையில மாட்டுமா?" என்று அம்மாவிடம் கேட்டதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

வெள்ளை